துவாக்குடியில் கரித்த முதல் டம்ளர்

நான் வந்த தஞ்சாவூர் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். துவாக்குடிச் சாலையோரத்து ரப்பர் பட்டறைக்குள் எட்டிப் பார்க்கிறேன். இங்கே போர்வெல் தண்ணீர் உப்பு. குடிக்க முடியாது, ரப்பரை வேகவைக்க நீராவி தரும் பாய்லரில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இன்றுதான் உப்பைப் பிரிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. மெல்லிய சவ்வுத் தாள்களுக்கு நடுவே தண்ணீர் ஓடும்போது, மின்சாரம் உப்பைப் பக்கத்து வழிக்கு இழுத்துவிடும் என்கிறார், அதைப் பொருத்திய செல்வி.

பட்டறையில் வேலை செய்யும் மும்தாஜ் முதல் டம்ளரை வாங்கி, வாயில் வைத்ததும் துப்புகிறார்.

"என்னங்க இது, முன்னைவிட கரிக்குது!"

வேடிக்கை பார்க்க நிற்கும் எல்லாரும் சிரிக்கிறார்கள். செல்வி அசரவில்லை.

"அப்ப உப்பு பிரிஞ்சிருச்சுங்க. நான்தான் ஒயரை மாத்திக் குடுத்துட்டேன். நல்ல தண்ணி அந்தக் கழிவுக் குழாய்ல போயிட்டிருக்கு."

சுவிட்சை அணைத்து, ஒயர்களை மாற்றி, மறுபடி ஓட விடுகிறார். பஸ் ஹார்ன் அடிக்கிறது. நான் நகரவில்லை. வேறு யாரும் நகரவில்லை. சற்று நேரம் கழித்து செல்வி தானே ஒரு டம்ளர் பிடித்துக் குடிக்கிறார். அடுத்ததை மும்தாஜிடம் நீட்டுகிறார்.

மும்தாஜ் நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்கிறார். பிறகு அண்ணாந்து முழுவதையும் குடிக்கிறார்.

"இன்னொன்னு குடுங்க."