ஏழு மாத்திரை, ஒரு சொம்புத் தண்ணீர்

எங்கள் தொழில் ரொம்பச் சுலபம்: ஒருத்தர் மாத்திரை விழுங்குவதை நேரில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பிள்ளைக்கோ மாமனாருக்கோ ஒரு வேளை மருந்து கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருப்பூரில் காசநோய்க்காரர்களுக்கு மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், முதல் இரண்டு மாதம் ஏழேழு மாத்திரை. அப்புறம் எண்ணிக்கை குறையும். மொத்தம் ஆறு மாதம். அநேகம் பேர் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள். விடிகாலையில் மொபெட்டை எடுத்தால் பனிக்குள் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருக்கும். ஷிப்ட் முடித்தவர்கள் பாதித் தூக்கத்தில் எதிரே நடந்து வருவார்கள். ஊர் முழுக்க ஏதோ கனவு கண்டுகொண்டிருப்பது போலவும், நான் மட்டும் மருந்துப் பெட்டியோடு அதற்குள் நுழைந்துவிட்டது போலவும் இருக்கும்.

சிவப்பு

மாரிச்சாமி கமுதிப் பக்கத்துக்காரன். சாயப்பட்டறையில் வேலை. மருந்து ஆரம்பித்த மறுநாளே பட்டறை வாசலில் பையும் கையுமாக நின்றான். சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம். செத்தால் ஊரில் போய்ச் சாகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

அது மாத்திரையின் நிறம். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், நான் மறந்துவிட்டேன். தப்பு என் மேல்தான் என்று ஒப்புக்கொண்டு விளக்கிச் சொன்னேன். அவன் பையைக் கீழே வைத்தான். பட்டறையிலிருந்து வாய்க்காலில் சிவப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சொன்னான்: “எட்டு வருசமா இந்தத் தண்ணிக்குள்ளதாங்க்கா நிக்கேன். அதுதான் எனக்குள்ளயும் ஓட ஆரம்பிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்.”

இரண்டு பேருக்கு ஒரு பாய்

பிரமோத் ஒரிசாவிலிருந்து வந்தவன். அந்த அறையில் எல்லோருக்கும் நான் ‘தீதி’, அதாவது அக்கா. அனுப்பர்பாளையத்தில் ஓர் அறையில் ஐந்து பேரோடு இருந்தான். இரண்டு பேருக்கு ஒரு பாய். ஒருவன் வேலைக்குப் போனால் அடுத்தவன் வந்து படுப்பான். அன்று பிரமோத்தின் பாயில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவனை எழுப்பி உட்கார வைத்தேன். கண்ணைத் திறக்காமலே அவன் கையை நீட்டினான். ஏழு மாத்திரையையும் கையில் வைத்தேன், சொம்பையும் கொடுத்தேன். ஜன்னல் துணி காற்றில் விலகியது. வெளிச்சத்தில் பார்த்தால் வேறு முகம்!

சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் சாவகாசமாகக் கண் விழித்தான். “பிரமோத் டூட்டி போயாச்சு, தீதி. நான் பிகாஷ். ஆனா இருமல் எனக்கும் இருக்கு.”

சீட்டு

பிகாஷின் சளியைச் சோதித்தோம்; கிருமி இருந்தது. அவனுக்கும் ஒரு மருந்துப் பெட்டி வந்தது. மூன்று மாதம் ஒரு வேளை தவறவில்லை. கன்னத்தில் சதை வைத்தது. என்னைத் தூரத்தில் கண்டாலே, விழுங்கியாச்சு என்பது போல வாயைத் திறந்து காட்டிச் சிரிப்பான். அப்புறம் ஊரில் அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்து, கிளம்பினான். அங்கேயுள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். வழிக்குக் கொஞ்சம் மாத்திரையும் கொடுத்து, போனதும் முதல் வேலையாக அங்கே போகச் சொன்னேன். தலையாட்டினான். அவன் போன பிறகும் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் கண் அவனைத் தேடும்.

பிரமோத் குணமாகி, மறுவருஷம் ஊருக்குப் போய்த் திரும்பினான். நேரே என்னிடம் வந்து உட்கார்ந்தான். பிகாஷ் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். மழைக்காலத்தில் இறந்துவிட்டான் என்றான். மருந்து சாப்பிட்டானா என்றேன். நான் கொடுத்தனுப்பியது தீர்ந்ததோடு சரியாம். அவனே சொன்னான்: “சீட்டை பத்திரமா வெச்சிருந்தான், தீதி. ஆஸ்பத்திரிதான் ரொம்ப தூரம்.”

வேண்டுதல்

செல்வி அவிநாசியில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தேனிப் பக்கம் சொந்த ஊர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. “ஊட்டுப் பக்கம் வந்துராதீங்கக்கா” என்று எங்கள் கொங்குப் பேச்சிலேயே கெஞ்சினாள். சரி, கோயில் வாசலில் பார்ப்போம் என்று ஏற்பாடு. காலையில் கோபுரத்துக்கு மேலே பனி கலையும் நேரம் வருவாள். சாமி கும்பிடுவாள், குழாயடியில் மாத்திரையை விழுங்குவாள், வேலைக்கு ஓடுவாள்.

கணவனுக்கும் சோதனை செய்ய வேண்டும், மறைக்காதே என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவனிடம் சொல்லிவிட்டாள். அடுத்த தடவை அவனும் கூடவே வந்து நின்றான். குழாயில் சொம்பைக் கழுவி, தண்ணீர் பிடித்து அவளிடம் நீட்டினான். அவனுக்கு நோய் இல்லை. அவளும் குணமானாள். கடைசி நாள் வரை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கோயில் வாசலில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பூக்காரம்மா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் என்னைக் கேட்டேவிட்டார்: “ஏனுங்க அம்மிணி, ஒரு நாள் உட்டு ஒரு நாள் கும்பிடற வேண்டுதல் எந்தச் சாமிக்குங்க?”

இப்படி ஊரையெல்லாம் மாத்திரை விழுங்க வைத்த எனக்கு மூன்று நாள் காய்ச்சல் மாத்திரை கொடுத்தால், இரண்டாம் நாளே ‘அதுதான் சரியாகிவிட்டதே’ என்று நிறுத்திவிடுகிறேன் என்பதை வெளியில் சொல்லாதீர்கள்.