ஏழு கோல் வாங்கிய மறுநாள்

போன வாரம் பதுளைக் கடைவீதியில் செருப்புத் தைக்கக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் மடியில் ஒரு பழைய தோல் பந்து. ஆட்டுக் கொழுப்பைத் துணியில் தொட்டு அதன்மேல் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், செருப்பை மறந்து நின்றுவிட்டேன். எங்கள் தோட்டத்துப் பந்துக்கும் அதே நாற்றம். முகம் சுளிக்காதீர்கள், எனக்கு அது வாசனை.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் எனக்கு வேலை. வயது இருபது. மீசை முளைத்த திமிரில் பந்தாட்டக் கோஷ்டியிலும் சேர்ந்திருந்தேன். மைதானம் என்று நாங்கள் சொன்னது நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே தேயிலை நடாமல் கிடந்த ஒரு சரிவு. பந்தை நேராக உதைத்தால் அது பாட்டுக்கு உருண்டு ஓடையில் போய் விழும். அதனால் எதையும் மேட்டுப் பக்கமாகவே உதைக்கப் பழகியிருந்தோம். அந்த நிலத்தின்மேல் பெரிய கங்காணிக்கு ஒரு கண். அங்கே தவறணை போட்டுத் தேயிலைக் கன்று வளர்க்கலாம் என்று துரையை நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

மழை விட்டதும் வருடா வருடம் ஆட்டங்கள் தொடங்கும். அந்த வருடம் முதல் ஆட்டம் பதுளை டவுன் கோஷ்டியோடு. எல்லாரும் கடைக்காரப் பிள்ளைகள். புடவைக்கடை காசிம் அவர்களுக்குத் தலைவன். பாட்டும் கும்மாளமுமாக நடந்தே போய்ச் சேர்ந்தோம். அவர்கள் மைதானத்தைப் பார்த்ததும் மலைத்துப்போனோம். பலகை மாதிரிச் சமதரை! இனிக் கேட்க வேண்டுமா? நாங்கள் உதைத்ததெல்லாம் அங்கே இல்லாத மேட்டை நோக்கிப் பறந்தது. நான் அடித்த ஒன்று யாரோ ஒரு அம்மாவின் கடலைக்கூடையில் இறங்கியது. ஏழு கோல் வாங்கினோம், திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை. காசிம் வேறு பரிதாபப்பட்டு எங்களுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

திரும்பும் வழியில் எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தோம். கோல் காத்த கருப்பையா மட்டும் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெக்கமா இல்லையாடா ஒனக்கு?"

"எதுக்குடா வெக்கம்? அவங்க நெலம் சரியில்ல. தட்டையால்ல கெடக்கு!"

கருப்பையாவுக்கு விடிகாலையில் தப்படிக்கும் வேலை. அந்தச் சத்தத்தில்தான் தோட்டமே எழுந்து பெரட்டுக்கு ஓடும், அங்கேதான் ஆள் எண்ணி வேலை பிரிப்பார்கள். தினமும் ஒரே தூங்குமூஞ்சி அடி. மறுநாள் காலையில் கேட்டதோ மாரியம்மன் தேருக்கு அடிக்கிற அடி! "என்ன, செயிச்சுட்டாங்களா?" என்று பெண்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

பெரட்டில் கங்காணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏழு கோலு வாங்குன பயலுக்குத் தேர் கேக்குதோ? இன்னைக்கு ஒனக்குப் பேர் கெடையாது!" பேர் போடாவிட்டால் அன்று வேலையும் இல்லை, கூலியும் இல்லை. பிறகு, பெரட்டைப் பார்க்க வந்து நின்ற துரையிடம் குழைந்தார். "தோத்துட்டு வர்றவனுகளுக்கு நெலம் எதுக்குங்க தொர? நாளைக்கே தவறணைய ஆரம்பிச்சிரலாங்க."

துரைக்குத் தெரிந்தது அரைகுறைத் தமிழ். கருப்பையாவைப் பார்த்து, "நீ தோத்தது. ஏன் தேர் அடி?" என்றார்.

"மொத ஆட்டந்தானுங்க முடிஞ்சிருக்கு. இன்னும் அஞ்சு இருக்குங்க தொர. பேர் வேணாங்க. நெலத்த மட்டும் விட்டுருங்க."

நான் வீரன் கிடையாது. ஆனாலும் கால் தானாக முன்னால் போய்விட்டது. "எனக்கும் பேர் வேணாங்க" என்றேன். ஒவ்வொருவனாக வந்து பக்கத்தில் நின்றான். பதினோரு பேரும் வந்துவிட்டோம். துரை சுருட்டைக் கடித்தபடி எங்களையே பார்த்தார். "ஆறு ஆட்டமும் முடி. பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறிவிட்டார். பேர் மட்டும் போடவில்லை. போகட்டுமே! அன்று முழுக்க, கங்காணி பார்க்கப் பார்க்க, அந்தச் சரிவிலேயே பந்து உதைத்தோம்.

அடுத்த நான்கு ஆட்டத்திலும் தோற்றோம். ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் கருப்பையா தேர் அடிதான் அடித்தான். கடைசி ஆட்டத்துக்கு டவுன்காரர்கள் எங்கள் சரிவுக்கு வந்தார்கள். ஐயோ, அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அவர்கள் உதைத்ததெல்லாம் ஓடைக்குப் போனது. காசிம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எத்தனை முறை தண்ணீரில் இறங்கினானோ தெரியாது. ஒரே ஒரு கோலில் ஜெயித்தோம். அதைப் போட்டவன் நான். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துரை இருந்தவரைக்கும் தவறணைப் பேச்சே எழவில்லை.

புதுத் துரை வந்ததும் கங்காணி காரியத்தைச் சாதித்துக்கொண்டார். இப்போது அந்தச் சரிவு முழுக்கத் தேயிலை. கோல் கம்பு நட்ட இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. கருப்பையா கப்பலேறி ஊருக்குப் போனான், ஒரு கடுதாசிகூட இல்லை. பெரட்டுக்கு இப்போது தப்பில்லை, தொழிற்சாலை வாசலில் மணி கட்டிவிட்டார்கள். கேட்டால், நாகரிகம் என்கிறார்கள். நல்ல மணிதான், கணீரென்று கேட்கிறது. ஏழு கோல் வாங்கிய ஒருவன் அதில் தேர் அடி அடித்துக் காட்டட்டும், பார்ப்போம்.