கே கோப்புறையின் பாரம்

தைமி எலினா குவோஸ்மனென் (1951–2019). கிழக்குப் பின்லாந்தின் சிறு நகரொன்றில், தொலைபேசிக் கூட்டுறவு நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வரைப் பராமரித்தவர். அவருடைய அறையிலேயே என் மேசையும் இருந்தது.

ஒரு வாடிக்கையாளருக்கு வரும் அஞ்சல்களெல்லாம் ஒரே கோப்பில் சேரும். அக்கோப்புகளைக் குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி கோப்புறைகளில் வைத்திருந்தோம். கே (K) எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்களோ எங்களிடம் மிகுதி; தைமியுடையதும் என்னுடையதும் அப்படித்தான். 1997 மே மாதத்தில் கே கோப்புறையில் மட்டும் நாலாயிரம் கோப்புகள். ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் சர்வர் திணறியது. கே பெயர்க்காரர்களின் அஞ்சல் அரைநாள் பிந்தியது.

"கடைசி எழுத்தை வெச்சுப் பிரிச்சிடலாமே, தைமி?" என்றேன்.

"உன் குடும்பப் பேரு எதுல முடியுது, ஆஹ்தி? என் பேரு? ஊருல பாதிப்பேர் 'னென்'தான். மூட்டையை இந்தத் தோள்லேருந்து அந்தத் தோளுக்கு மாத்துறதுக்கு ஒரு விடுமுறை நாளை வீணாக்கணுமா?"

வாடிக்கையாளர்களுக்கு வரிசையாகக் கொடுத்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கொண்டு நூறு கோப்புறைகள் அமைத்தார். அஞ்சலை நிறுத்திவிட்டுக் கோப்புகளை நகர்த்த, ஊரே ஏரிக்கரை வீடுகளுக்குப் போய்விடும் நடுக்கோடை விழாவின் முன்நாளைத் தேர்ந்தெடுத்தார்: ஜூன் 20.

வேலையைப் பாதி முடித்தபோதுதான், முந்தைய நாள் எல்லாக் கோப்புகளையும் காப்புக்காக நகலெடுத்த காந்த நாடா படிக்கக்கூடியதாக இல்லை என்பது தெரிந்தது. இனி எது தொலைந்தாலும் தொலைந்ததுதான். பிற்பகலில் புதிய கோப்புறைகளில் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தார். 18,412 இருக்க வேண்டிய இடத்தில் 18,411.

நான் ஏரிக்கரை வீட்டில் சாவுனா என்னும் நீராவிக் குளியலறைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்தது.

"ஒண்ணு கொறையுது, ஆஹ்தி. மூணு தடவை எண்ணிட்டேன். ரெண்டு பட்டியலையும் அச்சடிச்சு வரிவரியாப் பாத்துக்கிட்டிருக்கேன். யாரோ ஒருத்தரோட அஞ்சல் அத்தனையும் போச்சு."

"பழைய கோப்புறையெல்லாம் காலியாயிடுச்சா?"

விசைகள் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"கேயில ஒண்ணு அப்படியே கெடக்கு."

"யாரோடது?"

"என்னோடது. காலையில என் அஞ்சலைப் படிச்சேன்ல, திரையில அந்தச் சாளரத்தை மூடவே இல்ல. யாரோ படிச்சுக்கிட்டிருக்காங்கன்னு புரோகிராம் அதைத் தொடாம விட்டிருக்கு."

"ஊர்ல எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திட்டு, நீ மட்டும் உள்ள உக்காந்திருந்தியா?"

"யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னா உன் கோப்பை மறுபடி கேயில போட்டுடுவேன்."

அவருடைய கோப்பும் இடம் மாறிய பின், அன்று மாலை ஐந்து மணிக்கு அஞ்சல் மீண்டும் ஓடத் தொடங்கியது. எண்ணிக்கை சரியாக இருந்தும், அந்த வாரம் முழுவதும் அவர் நாள்தோறும் எண்ணினார். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

2014 நவம்பர் 28, கடைசிப் பணிநாளன்று, முதலில் தம் அஞ்சல் சாளரத்தை மூடினார். பிறகு கோப்புகளை எண்ணினார்.