கொடி ரோஸ் கோவிந்தப்பன்

காலில் செருப்பில்லை. மல்பெரித் தோட்டத்து ஈர மண்ணில் கட்டைவிரலை அழுத்தி அழுத்தி நடக்கிறார் கோவிந்தப்பன். ஓரிடத்தில் விரல் நிற்கிறது. அங்கேயே குந்தி, கடப்பாரையால் கிளறி, சர்க்கரைவள்ளி மாதிரி ஒரு கிழங்கைப் பிடுங்கிச் சிமெண்டு சாக்கில் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் கம்பெனிக்கெல்லாம் லீவு. இவருக்குக் கிடையாது.

வாரத்தில் ஆறு நாள் பல்சக்கரக் கம்பெனியில் தோட்டக்காரர். ஐம்பது வயது, கறுத்து ஒடிசலான உடம்பு, காதில் செருகிய பீடி. சூப்பர்வைசரிடம் தமிழ், வீட்டில் தெலுங்கு. செடிகளிடம் மட்டும் கன்னடம். "அதுங்க பெங்களூர்ல இருந்து வந்ததுங்க. வேற என்னா பாஷை தெரியும்?" என்பார், சிரிக்காமல்.

கொடி ரோஸும் அப்படி வந்ததுதான். எண்பத்திரண்டில் மேனேஜர் தன் காரில் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். கோவிந்தப்பன் அதைக் காம்பவுண்டுச் சுவரோரம் நட்டார். இரண்டே மழையில் சுவர் முழுக்க ரோஸ் நிறப் பூ, பூ முழுக்கத் தேனீ. மிஷின் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள்கூட அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேனேஜருக்கு அந்தக் கொடி என்றால் உயிர்.

சுவருக்கு அந்தப் பக்கம் கெம்பம்மாவின் அரை ஏக்கர் மல்பெரி. தனிக்கட்டை; பட்டுப்புழு வளர்த்துப் பிழைக்கிறவர். எருவுக்கு அலைகிறாரே என்று, கோவிந்தப்பன் ஒரு வருஷம் கொடியடி மண்ணும் கழித்த தழையுமாக இரண்டு வண்டி அள்ளிக்கொண்டுபோய் அவர் தோட்டத்தில் கொட்டினார். மண்ணுக்குள் கொடியின் கிழங்கு இருந்தது கோவிந்தப்பனுக்குத் தெரியாது. அடுத்த மழையில் மல்பெரி மேலெல்லாம் ரோஸ் பூ. வெட்டினால் தழைத்தது. கொளுத்தினால் இன்னும் தழைத்தது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இந்தக் கடப்பாரை. பிடுங்கின கிழங்கைக் குப்பையில் போடமாட்டார். தகரக் கூரையில் கருவாடாகக் காயவைத்து, அப்புறம்தான் அடுப்பில் போடுவார்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு வாராவாரம் வந்து பாக்குற அப்பன் நீ ஒருத்தன்தான், கோவிந்தப்பா" என்பார் கெம்பம்மா, வரப்பில் நின்று.

"பாக்க வரலைக்கா. கூட்டிக்கினு போவ வர்றேன். வரமாட்டேங்கிறா."

இந்த ஞாயிறு அந்தப் பேச்சில் சிரிப்பில்லை. கடைசித் தோலை உரித்து எழுந்த புழுக்கள் ராப்பகலாகத் தின்கிற நேரம் பார்த்து, கொடி மூடின மல்பெரியில் இலை பத்தாமல் போனது. கூடு கட்டாமலே பாதிப் புழு செத்துவிட்டது.

"இன்னொரு தபா இப்பிடி ஆச்சுன்னா நெலத்தைக் கம்பெனிக்கே எழுதிக் குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான்" என்றார் கெம்பம்மா. "நீ இங்க தோண்டி என்னா பிரயோஜனம்? ஆத்தாக்காரி செவுத்து மேல குந்திக்கினு வெதை எறைக்கிறாளே!"

கோவிந்தப்பன் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஷிப்டு தொடங்குவதற்குள் சுவர்க்கொடியை அடியோடு அறுத்துவிட்டு, தாய்க்கிழங்கைத் தோண்ட ஆரம்பித்திருந்தார். கேட்டில் ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் ராஜப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "யோவ், மேனேஜர் எறங்கி வர்றாருய்யா! எந்திரி!"

பதினொரு வருஷமாக அந்த ஹாரனுக்கு எழுந்து நின்று கும்பிட்டவர் கோவிந்தப்பன். இப்போது குப்புறப் படுத்து, கையைத் தோள்வரைக்கும் குழிக்குள் விட்டு, அடுத்த கிழங்கைத் துழாவினார்.