அலுமினா ஆலையும் அத்தையின் நிச்சயதார்த்தமும்

எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் அப்பா ஒரு சரித்திரம் சொல்லாமல் இலையை விட்டு எழுந்ததில்லை. ராஜாக்கள் சரித்திரம் இல்லை. வடக்கே ஒரு மலையடிவாரத்தில் அவர் வேலை பார்த்த அலுமினா ஆலையின் சரித்திரம். வெறும் காடாகக் கிடந்த இடத்தில் முதல் புகைபோக்கி எழுந்தது, ரயில் பாதை வந்தது, ஊரே முளைத்தது, ஒரு ஆலை இரண்டானது என்று வரிசை தவறாமல் வரும். சிவப்பு மண்ணை அரைத்து, கொதிக்கும் காஸ்டிக் சோடாக் காரத்தில் கரைத்து, கடைசியில் வெள்ளைப் பொடியாக எடுப்பார்களாம். அந்தப் பொடியிலிருந்துதான் அலுமினியம். "அத்தான் ஆலை புராணத்த ஆரம்பிச்சுட்டார்" என்று மாமா கேலி செய்வார். எனக்கு அது முழுக்க மனப்பாடம்.

அத்தையின் நிச்சயதார்த்தத்துக்கு அப்பா லீவில் வந்தபோது நான் நான்காம் வகுப்பு. அந்த முறை அவராகப் புராணத்தை எடுக்கவே இல்லை. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு மாடியில் பந்தல். ஸ்ரீரங்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களில் மாப்பிள்ளையின் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால், அவர் முகம் கோணிவிடக் கூடாதே என்று வீடே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது.

டிபன் முடிந்தது. தட்டு மாற்ற நல்ல நேரம் இன்னும் பிறக்கவில்லை. பெரியப்பா வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க ஃபேக்டரில என்னதான் நடக்குது, சொல்லுங்களேன்" என்றார். அப்பா தயங்கி, சுரத்தில்லாமல் ஆரம்பித்தார். பெரியப்பாவின் சுண்ணாம்புக் குப்பி அடைத்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே அதை முகத்துக்கு நேரே பிடித்து அழுத்தினார். சுண்ணாம்பு பீய்ச்சி அடித்து ஒரு கண்ணுக்குள் அப்பிக்கொண்டது.

"நல்லெண்ணெய் கொண்டாங்க!"

"தண்ணி மட்டும் பட்டுடக் கூடாது, சுண்ணாம்பு கொதிக்கும்!"

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அப்பா யாரையும் கேட்கவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீர் கேனைத் தூக்கி வந்தார். பெரியப்பாவை ஜமக்காளத்தில் சாய்த்து, இமையை விரலால் பிளந்து பிடித்துக்கொண்டு ஊற்றினார். அவர் திமிறத் திமிற ஊற்றினார். பட்டு வேட்டி, சீர்த்தட்டு, பழம், பூ எல்லாம் மிதந்தன.

"நல்ல காரியத்துல சம்பந்தி தலையில தண்ணியக் கொட்டுறீங்களே அத்தான்!" என்று மாமா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா அவரை நெட்டித் தள்ளினார்.

"பத்தாது! இன்னொரு கேன்!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கதவுக்குப் பின்னால் அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ சிரிப்புத் தாங்கவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்குக் கார் கிளம்பியபோது அம்மாவை ஒட்டிக்கொண்டு நானும் ஏறிவிட்டேன். டாக்டர் வெளியே வர வெகு நேரம் ஆனது. "உடனே தண்ணி விட்டுக் கழுவினீங்க பாருங்க, அதான் கண்ணு தப்பிச்சுது" என்றார். ஒற்றைக் கண்ணில் கட்டோடு வந்த பெரியப்பா அப்பாவின் தோளைத் தொட்டு, "வாங்க, போய்த் தட்ட மாத்திடுவோம்" என்றார்.

அப்பா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"தங்கச்சி மேல என்ன பாசம் பாருங்க" என்று பெரியப்பா உருகிப்போனார். நானும் அப்படித்தான் நம்பினேன். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். அந்த லீவுக்கு முந்திய மாதம் ஆலையில் ஒரு குழாய் பிளந்து, கொதிக்கும் காரம் அப்பாவோடு ஷிப்ட் பார்த்தவரின் முகத்தில் அடித்திருக்கிறது. அப்பா தண்ணீரோடு ஓடிச் சேர்வதற்குள் அந்த மனிதரின் இரண்டு கண்களும் போய்விட்டன. ஆலையின் சரித்திரத்தில் அப்பா அதைக் கடைசிவரை சேர்க்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் அம்மா அப்பாவின் கைகளை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த கையை எதற்கு இவ்வளவு நேரம் துடைக்கிறாள் என்று நினைத்தபடி, தட்டு மாற்றப் போகிற சந்தோஷத்தில் நான் அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்தேன்.