தீபத்தன்று மாமா போட்டிருந்த கையுறை

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த என் தாய்மாமா, மூன்றாவது படித்துக்கொண்டிருந்த நான், மாமாவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா, அவருடைய அக்கா. இதில் எங்கள் வீட்டு ஆட்கள் நாலு பேரும் ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் என்று கம்பளிக்குள் மூழ்கியிருந்தோம். ஆனால் அங்கே ஒருவருக்கும் குளிரவில்லை.

அது கார்த்திகை தீபத்தன்று. வழக்கமாகத் தீபத்துக்கு எங்கள் ஊரில் ஒரு குளிர் இறங்கும். அந்த வருஷம் பார்த்து வானம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல், ஒரே புழுக்கம். இருந்தும் அம்மா காலையிலேயே பெட்டியைத் திறந்து, அந்துருண்டை வாசத்தோடு எல்லாவற்றையும் எடுத்து எங்களுக்கு மாட்டிவிட்டாள். எனக்குக் காதில் பஞ்சு வேறு.

காரணம் மாமாவின் கை. மாமாவுக்குப் பனிமலையில் காவல் வேலை. முந்தின தை மாசம் பனிப்புயலில் மாட்டி, வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் பாதிக்குக் கருகிப்போய், ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் ஏற்கெனவே வந்த ஒரு பெண் வீட்டார் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான், அப்புறம் பதிலே இல்லை. இந்த இடமும் தட்டிப் போனால் தம்பிக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள்.

அதனால் மாமாவுக்குக் கையுறை. பட்டாளத்தில் கொடுத்த பச்சைக் கம்பளி. கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை, மற்ற நாலு விரலும் ஒரே அறையில் கூட்டுக்குடித்தனம். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து எண்ண முடியாது. அவர் மட்டும் போட்டுக்கொண்டால் சந்தேகம் வரும் என்றுதான் எங்கள் எல்லாருக்கும் கம்பளி. கையுறையின் மணிக்கட்டில் ஒரு நாடா உண்டு. வலது கையில் அதை அம்மா இறுக்கி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள்.

"வேணாம்க்கா. சொல்லிடலாம்."

"இன்னாத்த சொல்லுவ? தட்டு மாத்தற வரைக்கும் மூடிக்கினு இரு. இன்னிக்கு தீபம். விரதம்னு சொல்லிடு, சாப்புடற வேலையும் இல்ல. வெளக்கப் பாத்துட்டு அவங்க கெளம்பிடுவாங்க."

மாமா என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ வாயத் தொறக்காம இருந்தா அம்பது ரூபா" என்றார். அவ்வளவு பணம் எதற்கு என்று எனக்கு அதுவே ஒரு கவலையாகிவிட்டது. நான் பிறவியிலேயே கவலைக்காரி. பரீட்சை என்றாலே முந்தின நாள் காய்ச்சல் வந்து, எட்டாவதோடு படிப்பையும் நிறுத்திக்கொண்டவள். அன்று மத்தியானம் முழுக்க அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் அப்பாவும் அவர் அக்காவும் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்தார்கள். தீபக் கூட்டத்தில் ஆட்டோ ஏது? அவர் மேல்துண்டால் மார்பை விசிறிக்கொண்டே உள்ளே வந்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வீட்ல யாருக்கனா ஒடம்பு சரியில்லிங்களா?"

"இல்லிங்க, குளிரு" என்றார் அப்பா. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"குளிரா? எங்க பக்கம் வேர்த்து ஊத்துது."

"டவுன்ல கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றாள் அம்மா. கிரிவலப் பாதையில் அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஒரு மலைதான் இருக்கிறது. அவர் மலையை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அவருடைய அக்கா கோயில் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து மாமாவிடம் நீட்டினார். விபூதியை வலது கையில்தான் வாங்கவேண்டும். கம்பளியைப் போட்டுக்கொண்டு எப்படி வாங்குவது? மாமா சட்டென்று குனிந்து, "நீங்களே வெச்சி வுடுங்கம்மா" என்று நெற்றியைக் காட்டினார். அந்தம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மிலிட்டரிக்காரன்னா மொரடா இருப்பான்னு நெனச்சேன். எவ்ளோ அடக்கம் பாரு!"

எல்லாம் அம்மா நினைத்தபடி போய்க்கொண்டிருந்தபோது, அப்பா உபசாரத்தில் இறங்கினார். "வெளக்கு ஏத்தனதும் கூட்டம் எறங்கும், நடக்க முடியாது. இருந்து சாப்ட்டுதான் போகணும்" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் அந்தப் புழுக்கத்திலும் எனக்குக் குளிரெடுத்தது. விளக்கைப் பார்த்ததும் மாமாவின் விரதமும் முடிந்துவிடுமே! எல்லாரும் இலையில் உட்கார்ந்தால் கையுறையோடா சாதம் பிசைவார்? மாமாவுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிடலாமா, பந்தியில் தண்ணீரைக் கொட்டிவிடலாமா என்று நான் என்னென்னவோ யோசித்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

ஆறு மணிக்கு முன்னால் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போனோம். தெருவில் எல்லா மாடிகளிலும் ஜனம். மாமா பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை நீட்டினார்.

"பாப்பா, இந்த முடிச்ச அவுத்து வுடு."

"அம்மா திட்டுவாங்க மாமா."

"அரிக்குதுடா."

கம்பளி அரிக்கும் என்பது எனக்குத் தெரியும், என் கழுத்தே சிவந்திருந்தது. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். அவர் சொறிந்துகொள்ளவில்லை. நாடா தொங்க, கையுறையோடு எழுந்துபோய்ப் பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

மலை உச்சியில் தீபம் தெரிந்தது. அரோகரா என்ற சத்தம் தெருத்தெருவாக எழுந்து வந்தது. எல்லாரும் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்கள். மாமாவும் தூக்கினார். கையுறைகள் இரண்டும் காலடியில் கிடந்தன. கூப்பிய கைகளில் ஒரு பக்கம் முழுசாக இருந்தது, மறு பக்கம் ஓரத்தில் குட்டையாக இருந்தது. ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தக் கையைப் பார்த்தேன். பெண்ணின் அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய்க் கையுறையை எடுத்து மாமாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

கீழே பந்தி நடந்தது. மாமா வெறுங்கையோடு இலைமுன் உட்கார்ந்தார். அம்மா ஊற்றிய சாம்பார் இலைக்கு வெளியே விழுந்தது. அந்தம்மா தன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். அவர் சாதத்தில் பள்ளம் பறித்துக்கொண்டே கேட்டார்.

"எப்ப ஆச்சு?"

"போன தை மாசங்க. பனியில மாட்டிக்கினோம்."

"வலிக்குதா?"

"குளிரு இருந்தா வலிக்கும்."

"இப்ப?"

மாமா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எங்கங்க குளிருது?"

முதலில் சிரித்தது அந்தம்மாதான். அப்புறம் அப்பா, மஃப்ளருக்குள்ளிருந்து. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. எங்களை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"மொதல்ல இத்தயெல்லாம் கயட்டிப் போடுங்க. பாக்கற எனக்கே மூச்சு முட்டுது. ஏம்மா, மாப்ளைக்கு இன்னொரு கரண்டி ஊத்து."

வந்ததிலிருந்து மாமாவைத் 'தம்பி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர். அம்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. இவ்வளவு நல்ல நேரத்தில் அம்மா ஏன் அழவேண்டும் என்று எனக்கு அது புதுக் கவலையாகிவிட்டது.

அவர்கள் போனபிறகு மாமாவிடம் ரகசியமாகக் கேட்டேன். "சாமி கும்பிடற அவசரத்துல மறந்துட்டு கயட்டிட்டீங்களா மாமா?"

"ஆமா பாப்பா, மறந்தே பூட்டேன்" என்றார்.

பல வருஷம் அதை அப்படியே நம்பினேன். போன தீபத்துக்கு என் மகளுக்குக் குல்லாவின் நாடாவைக் கட்டும்போது, அவள் அவிழ்க்க முடியாதபடி முடிச்சுமேல் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் கை நின்றது. அம்மா போட்ட முடிச்சு மறதியில் அவிழ்கிற முடிச்சு அல்ல. அதை அவிழ்த்தவளே நான்தான்.

அன்று சாயங்காலமே மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அடி அண்ணாமலைக்காரியான என் அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த வலது கையால் மீசையைத் தடவிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை, ரகசியத்தைக் காட்டியது அவர், ஆகவே பேசியபடி எனக்குச் சேரவேண்டியது சேரவேண்டும் என்று வாதாடினேன். முடிச்சை அவிழ்த்ததற்கு அபராதம், கணக்கு நேராகிவிட்டது என்கிறார் மாமா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐம்பது ரூபாய் பாக்கி இருக்கிறது.