அய்யூப் பாய் ஒத்துக்கொண்ட கல்

"கண்ணால பாக்காத எதையும் இந்த அய்யூப் ஒத்துக்கினதில்ல. மவுத்தாகற வரைக்கும் ஒத்துக்கவும் மாட்டான்!"

திருவண்ணாமலையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டியில் தரகர் அய்யூப் பாய் இப்படி அறிவித்தது 1971-ல். மூட்டையில் கல்லே இல்லை என்று குடியானவர் ஒருவர் சத்தியம் செய்திருந்தார். பாய் மூட்டையைக் கவிழ்த்தார், அரைப்படி கல் பொறுக்கினார், ஒன்றை வாயில் போட்டு உருட்டினார். "கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரை" என்றார். குடியானவர் தலை குனிந்தார். கல்லை ருசித்து ஊர் சொல்லும் இந்த ஞானத்துக்குப் பல்கலைக்கழகங்கள் ஏன் பட்டம் தரவில்லை என்பது இன்றும் விளங்கவில்லை.

வீட்டிலும் அதே நிர்வாகம்தான். சோறு வெந்துவிட்டது என்று மனைவி குர்ஷித் பேகம் சொன்னால், பாய் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துத்தான் உட்காருவார்.

அப்பேர்ப்பட்டவரின் பித்தப்பையிலேயே 1984-ல் கல் சேர்ந்துவிட்டது. மண்டியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஊருக்குள் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், ஒரு காலை வேளையில், வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் பாய் ஜன்னலைப் பார்த்தார். மலை இருந்தது. ஊரை மாற்றவில்லை. அடுத்து வலது விலாவைக் கிள்ளினார். ஒன்றும் தெரியவில்லை. சந்தேகம் அங்கே பிறந்தது.

"குர்ஷித், கத்தி வெச்சா வலிக்கணுமில்ல? வலிக்கல. அப்ப ஆபரேசனே பண்ணல. மேலாக்க கீறித் தெச்சு உட்டுட்டானுங்க."

மயக்க மருந்து டாக்டர் சந்தனா வந்து பொறுமையாகச் சொன்னார்: "பாய், நீங்க மயக்கத்துல இருக்கறப்பவே முதுகுப் பக்கம், விலா எலும்புங்க ஓரமா அஞ்சு ஊசி போட்டேன். அந்த எடத்து நரம்பு மட்டும் மரத்திருக்கு. முப்பது வருசத்து மூட்டைத் தூசி உங்க நெஞ்சுல இருக்கு. வலிக்குதுன்னு மூச்சை அடக்கினு கெடந்தா சளி கட்டிக் காய்ச்சல் வந்துடும். உசுருக்கே ஆபத்து. இப்பவே நல்லா இழுத்து உடுங்க, இருமுங்க."

"மயக்கத்துல அஞ்சு ஊசியா? யாரக் கேட்டும்மா?"

"நீங்கதான கையெழுத்து போட்டீங்க?"

"அது என்னுதுதானான்னு பாக்கணும்."

சொன்னபடி மூச்சை இழுத்தால் ஆபரேசன் நடந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடுமே! பாய் சிட்டுக்குருவி மாதிரி துளித்துளியாக மூச்சுவிட்டார். வேறு வழியில்லாமல், எடுத்த கற்களை ஒரு சீசாவில் கொண்டுவந்தார் டாக்டர்.

பாயின் முகத்தில் தொழிலுக்குரிய களை வந்துவிட்டது. ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், கட்டைவிரலால் தேய்த்தார், மெல்ல வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

"ஏங்க! அத்த வாயில போட்டீங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்!"

கல்லோடு கை கீழே இறங்கியது. நெடுநேரம் யோசித்துப் பாய் தீர்ப்பு சொன்னார்: "கீழ்பென்னாத்தூர் இல்ல. அடி அண்ணாமலையும் இல்ல. இந்தத் தாலுக்காவுலயே இப்பிடிக் கல்லு கெடையாது. அப்ப என்னுதுதான்."

அதன் பிறகே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஊசி போட்டது மட்டும் இன்னும் நிரூபணமாகவில்லை என்றார்.

சாயங்காலம் மரப்பு விட்டது. வலி வந்த வேகத்தில் பாய் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இருமல் தொண்டை வரை வந்து, பயந்து திரும்பிப் போனது. நெஞ்சுக்குள் கொரகொரவென்று ஏதோ கட்டத் தொடங்கியது. குர்ஷித் பேகம் டாக்டரைக் கூட்டிவர ஓடினாள்.

"மறுபடியும் அஞ்சு ஊசி போடணும் பாய்" என்றார் சந்தனா. "செவுத்துப் பக்கம் திரும்பிப் படுக்கணும். நான் போடறது உங்க கண்ணுக்குத் தெரியாது."

"மருந்தக் காட்டிடும்மா" என்று குர்ஷித் பேகம் காதோடு சொன்னாள். "இல்லன்னா உட மாட்டாரு."

டாக்டர் மருந்துப் புட்டியை நீட்டினார். பாய் அதை வாங்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி சுவர்ப்பக்கம் புரண்டார். முதுகுச் சட்டையைத் தானே மேலே இழுத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.